ஆறு பேர் வரை சரியாக ஓடிய வரிசை

புதிதாகச் சேர்ந்திருக்கும் நாலு பேருக்கும்,

பணி அனுபவங்கள் என்று உட்கார்ந்து எழுதுகிற வயசு எனக்கு இல்லை. முப்பதைத் தொடவே இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால் இந்த மாதக் கடைசியோடு நாகர்கோவிலுக்கும் நம்ம ஆபீஸுக்கும் டாட்டா காட்டிவிட்டுப் போகிறேன். இந்த நாற்காலியைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். ஓய்வு பெற்றவர்கள் பேசுவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது மரியாதை. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகிற நேரத்தில் என்னை எழுத வைத்தது, போன வாரம் உங்களில் ஒருவர் சொன்ன வாக்கியம். "கம்பைல் ஆயாச்சுல்லா அக்கா, இனி என்ன?"

யார் சொன்னது என்று இங்கே எழுத மாட்டேன். எல்லோரும் சொல்வதுதான். இந்த ஆபீஸில் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. அதை நம்பியதால் புதுக்கடை என்கிற ஊரில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. வேலைகூடப் பரவாயில்லை, வேறு தேடலாம். பெயர் போகப் பார்த்தது.

கதைக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கம்பைலர் வேறு, ஸ்டாண்டர்டு லைப்ரரி வேறு. இரண்டும் ஒரே பொட்டலமாக டவுன்லோடு ஆகி வருவதால் நமக்கு ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லையே.

அவியலை வைத்துச் சொல்கிறேன். கல்யாண வீட்டுக்கு நீங்கள் "அவியல்" என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். கம்பைலர் அதை வாசித்து, மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றும். வாசிக்கும்போதே, அவியல் என்று ஒன்று உண்டா, அதற்குக் காய் கொடுத்திருக்கிறீர்களா, சிமெண்ட் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்க்கும். சிமெண்ட் என்றால் கத்தும். காய் என்றால் விட்டுவிடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அவியலை வைக்கப்போவது அது இல்லை. வைக்கப்போவது லைப்ரரி, அதாவது வேறு யாரோ முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிற சமையல்காரர். தோவாளைப் பக்கத்துக்காரர் மாங்காய் போடுவார். மேற்கே போனால் தயிர் விடுவார்கள். இரண்டும் அவியல்தான். ஸ்டாண்டர்டு என்பது, அவியல் என்றால் குறைந்தபட்சம் என்னென்ன இருக்கும் என்று எல்லாச் சமையல்காரர்களும் ஒத்துக்கொண்ட வாக்கு. தயிரா, மாங்காயா என்பது அந்த வாக்கில் இல்லை. சமையல்காரர் மாறினால் ருசி மாறும். கம்பைலர் வாயைத் திறக்காது. அதற்கு ருசி தெரியாது.

இதையெல்லாம் கல்லூரியில் நாங்களும் படித்தோம். பரீட்சையில் எழுதினோம். மார்க்கும் வாங்கினோம். அப்புறம் மறந்தோம்.

அப்போது ஆபீஸில் ஆறு பேர்தான். எங்கள் டீம் லீட், நான், ஜெபின், இன்னும் மூன்று பேர். ஜெபினை உங்களுக்குத் தெரியும். இப்போது மூலை சீட்டில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் லைப்ரரி ஆவணங்களை வாசிக்கிறாரே, அவரேதான். அந்தக் காலத்து ஜெபின் வேறு ஆள். கம்பைலர் கத்திக் காட்டுகிற வார்னிங்கை ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கடைசியில் பூஜ்யம் ஆக்குவதில் அவனுக்கு ஒரு வெறி. பூஜ்யம் வந்துவிட்டால் எல்லோருக்கும் ரசவடை வாங்கித் தருவது ஆபீஸ் வழக்கம். கீழே டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே "பூஜ்யமா மக்கா?" என்று கேட்கும் அளவுக்கு அது பிரபலம்.

கிளினிக்குகளுக்கான டோக்கன் மெஷின் எங்களுடையது. நோயாளியின் பெயரை கவுண்டரில் அடித்தால், காத்திருக்கும் ஹாலில் உள்ள திரையில் வரிசை தெரியும். "அவசரம்" என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் அந்தப் பெயர் மேலே போகும். மற்றவர்கள் எல்லோரும் ஒரே தரம். ஒரே தரத்துக்குள், முன்னால் வந்தவர் முன்னால். இந்தக் கடைசி விதியை யாருமே புரோகிராம் கோடில் எழுதவில்லை என்பதுதான் விஷயம். வரிசைப்படுத்துகிற ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலைக்கான துண்டு கோடு, லைப்ரரியில் தயாராக இருந்தது. அதைக் கூப்பிட்டோம். அவசரங்களை மேலே தூக்கியது, மற்றவர்களை வந்த வரிசையிலேயே விட்டது. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. அப்படித்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டோம்.

பழைய மெஷினில் ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதை எடுத்துவிட்டு உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு ஒன்றில் அதே கோடை ஓட்டலாம் என்று முடிவானது. புது போர்டு, புது கம்பைலர், அதோடு வந்த புது லைப்ரரி. ஜெபின் இறங்கினான். புது கம்பைலர் கண்டிப்பானது. பழையது கண்டுகொள்ளாத இடத்தில் எல்லாம் கத்தியது. அவனும் விடவில்லை. கடைசியில் பூஜ்யம். ரசவடை வந்தது.

டெஸ்ட்டும் செய்தோம். செய்யாமல் இல்லை. எங்கள் டெஸ்ட் எப்போதும் ஒரே மாதிரிதான். ஆபீஸில் இருக்கிறவர்களையே நோயாளிகளாகப் போட்டுவிடுவோம். லீட்டுக்கு முட்டுவலி, எனக்கு ஜலதோஷம், ஜெபினுக்கு "மூளைக் கோளாறு". ஆறு பேர் பெயரும் ஒழுங்காக வந்தன. யாரையாவது அவசரமாக்கினால் மேலே போனார்கள். புது மெஷின் முதலில் புதுக்கடையில் ஒரு கிளினிக்குக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து அந்த கிளினிக்கின் மேனேஜர் போன் செய்தார். புகார் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"உங்க மெஷினுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. கவுண்டர்ல இருக்க பிள்ளதான் கள்ளத்தரம் காட்டுது. வேண்டியவங்க வந்தா அவசரத்த அமுக்கி மேல ஏத்துது. நாள்தோறும் ஹால்ல அடிபிடி. நீங்க ஒரு எட்டு வந்து, மெஷின் செரியாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா போரும். பெறவு நாங்க பாத்துக்கிடுதோம்."

பெறவு என்ன பார்ப்பார்கள் என்பது புரிந்தது. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. லீட் வேறு வேலையில் மூழ்கி இருந்தார். "போய்ப் பாத்துட்டு, ஓகேன்னு சொல்லிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார். ஜெபினின் பைக்கில் கிளம்பினோம். தக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் அவன் ஒரே பாட்டு.

"ஏட்டி சுஜி, ஒரு வார்னிங் கூட இல்லாத கோடு. அதுல போய் என்னத்த நோக்கதுக்கு? அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு, கருங்கல் ஊருல எங்க வீட்டுல சாயா குடிச்சிட்டுப் போவோம்."

நாங்கள் போனது மதியத்துக்குப் பிறகு. டாக்டர் சாயங்காலம்தான் வருவார். ஹாலில் ஆளில்லை. கவுண்டரில் நசீமா இருந்தார். தேங்காப்பட்டணம்காரர். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், பி.எஸ்ஸி. படித்தவர். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. தீர்ப்புச் சொல்ல வந்தவர்களைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "முந்தாநாள் இவளுக்க காக்கா மகன் வந்தான். ஹால் நெறைய ஆளு. கடைசியா வந்தவன் பேரு மொதல்ல. கேட்டா, நான் அமுக்கலன்னு சொல்லுதா. பெறவு பேயா அமுக்கிச்சு?" நசீமா வீட்டில் காக்கா என்றால் அண்ணன்.

"நான் அமுக்கல சார்" என்றார் நசீமா. ஆயிரம் தடவை சொன்ன குரல்.

"அதத்தான் இப்பம் இவங்க சொல்லப் போறாங்க. இவங்க மெஷின் செரின்னு சொல்லிட்டா, நீ நாளையில இருந்து வர வேண்டாம்."

யார் எந்த பட்டனை அமுக்கினார்கள் என்று மெஷின் சேமித்து வைப்பதில்லை. ஆக, சாட்சி என்று இருந்தது எங்கள் வாய்தான். நான் கவுண்டரில் உட்கார்ந்து எங்கள் வழக்கமான டெஸ்ட்டை ஓட்டினேன். லீட், நான், ஜெபின், மற்ற மூன்று பேர். ஆறு பெயரும் திரையில் வரிசையாக, அழகாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஒருவரை அவசரமாக்கினேன். மேலே போனார். எடுத்தேன். பழைய இடத்துக்கு வந்தார்.

"பாத்தியாம்மா?" என்றார் மேனேஜர், நசீமாவைப் பார்த்து.

ஜெபின் லேப்டாப் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். "மெஷின் சரிதான் சார்" என்பது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. கண்ணால் பார்த்ததைத்தானே சொல்லப்போகிறேன்? பொய் இல்லையே?

நசீமா அழுதிருந்தால் ஒருவேளை நான் சொல்லிவிட்டு, வழியெல்லாம் வருத்தப்பட்டிருப்பேன். அவர் அழவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தார். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ஆளில்லாத ஹால்ல எவன் சண்ட போட்டான்? அடிபிடி எல்லாம் கூட்டம் வந்த பெறவுதான். கூட்டம் வரட்டு. நீங்களே அமுக்குங்க. நான் இங்கயே இருக்கேன். அப்பமும் ஒழுங்கா வந்தா, நானே எறங்கிப் போறேன். யாரும் போன்னு சொல்லாண்டாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இந்த மெஷினைக் கூட்டத்தில் பார்த்ததே இல்லை.

"சார், டாக்டர் வாரது வரைக்கும் நான் கவுண்டர்ல இருக்கேன்" என்றேன்.

"நீங்க மெஷினுக்கு வந்தியளா, இவளுக்கு வந்தியளா?"

நல்ல கேள்வி. நாற்காலியைக் கவுண்டர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஜெபின் என்னைப் பார்த்த பார்வையில் கருங்கல் சாயா ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் ஒரு படகுக்காரர். தூண்டில் முள் குத்திய கையில் பெரிய கட்டு. பெயர் அடித்தேன். அப்புறம் ஒருவர் ஒருவராக வந்தார்கள். ஆறாவது பெயர் வரை வரிசை அசையவில்லை. மேனேஜர் வாட்சைப் பார்த்தார். ஏழாவது பெயரில் திரை லேசாகப் புரண்டது. நடுவில் இருந்த யாரோ மேலே போனார். நான் கண்ணைக் கசக்கிக்கொள்வதற்குள் பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரு அம்மா, நனைந்த குடையோடு உள்ளே வந்து பெயர் சொன்னார். அடித்தேன்.

குடைக்கார அம்மா திரையில் முதலாவதாக நின்றார். படகுக்காரர் ஆகக் கடைசியில்.

"ஏ பிள்ளே" என்று எழுந்தார் படகுக்காரர். "நான்தானே மொதல்ல வந்தேன்? எனக்க பேரு எங்க போச்சு?"

"அண்ணா, ஒரு நிமிஷம்..."

"என்ன நிமிஷம்? அந்தம்மா இப்பம்தான் பஸ்ஸுல இருந்து எறங்கிச்சு. கொடையக்கூட மடக்கல. உனக்க மாமியா அது?"

பின்னாலிருந்து ஒரு குரல். "மாமி இல்லவே, சித்தி. ரெண்டு பேருக்க மூக்கையும் நோக்கும்!"

ஹாலே சிரித்தது. குடைக்கார அம்மாவுக்கு வந்ததே கோபம். "இந்தக் கொச்சுப் பிள்ளைய நான் கண்டதே இல்ல கேட்டீரா! எனக்கு மொதல்ல போணும்னு நான் சொன்னேனா?"

அடுத்தவர் பெயரை அடித்தேன். அவர் மேலே போய் நின்றார். அதற்கடுத்தவர் வந்ததும் அவர் போய் நின்றார். படகுக்காரர் மட்டும் கடைசியை விட்டு நகரவே இல்லை. "காசு வாங்கியிருப்பா" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் தெளிவாக விழுந்தது. முகமெல்லாம் எரிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நசீமா இதை இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.

பெஞ்சிலிருந்து அவர் எழுந்தார். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"சார், எனக்க கை ரெண்டும் இங்க இருக்கு."

ஜெபின் பேசினான். என் காதில் மட்டும். "கம்பைலர்தாம்ட்டி. புது வெர்ஷன். நான் அப்பமே நெனச்சேன்."

கூட்டத்தை அப்படியே விட முடியாது. திரையை அணைத்தோம். மேனேஜர், "டாக்டர் வந்தா நீயே வாயால கூப்பிடும்மா" என்றார் நசீமாவிடம். அவர் கவுண்டருக்குள் வரவில்லை. பெஞ்சின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் மருந்து அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தோம்.

இங்கேதான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. அவசரத்தில் கண்டபடி மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். முதலில் ஜெபின் சொன்னபடியே கம்பைலரை மாற்றினோம். அவனிடம் பழைய வெர்ஷன் இருந்தது. லைப்ரரியைத் தொடவில்லை. பத்துப் பெயர் போட்டு ஓட்டினால், கடைசி ஆள் மேலே வந்தார்.

"அப்பம் ரெண்டு கம்பைலரும் மோசம்" என்றான் ஜெபின்.

"ஏலே, இரி."

அடுத்து, லேப்டாப்பின் சொந்தக் கம்பைலரில், அதன் சொந்த லைப்ரரியோடு ஓட்டினேன். வரிசை ஒழுங்காக இருந்தது. அதே கம்பைலரில், போர்டின் லைப்ரரியிலிருந்து அந்த வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை மட்டும் எடுத்து வைத்து ஓட்டினேன். கடைசி ஆள் மேலே. குழப்பம் லேப்டாப்புக்கும் தொற்றியது. கம்பைலர் எதுவானாலும் சரி, குழப்பம் அந்த லைப்ரரியின் கூடவே போகிறது.

"அப்பம் லைப்ரரியிலதான் பக், தப்பு அங்கதான்" என்று குதித்தான் அவன்.

நானும் குதித்தேன். பிறகு அந்த ஃபங்ஷனோடு அதை எழுதியவர்கள் தந்திருக்கிற விளக்க ஆவணத்தைத் திறந்தேன். ஒரே தரத்தில் இருப்பவர்கள் எந்த வரிசையில் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. மூடி மறைத்து இல்லை, நடு வீட்டில். பழைய மெஷினின் லைப்ரரியிலும் அதையேதான் போட்டிருந்தது. அங்கே வந்த வரிசை நின்றது அந்தச் சமையல்காரரின் பழக்கம். அவர் எங்களுக்கு வாக்குக் கொடுத்ததில்லை. நாங்கள்தான் பழக்கத்தை வாக்காக எடுத்துக்கொண்டோம்.

"செரி, ஆறு பேருக்கு மட்டும் ஏன் ஒழுங்கா வருது?" என்று கேட்டான் ஜெபின்.

ஃபங்ஷனின் உள்ளே பார்த்தோம். ஆள் குறைவென்றால் அது பொறுமையாக, ஒவ்வொருவராக இடம் பார்த்து உட்கார வைக்கும். யாரும் இடம் மாற மாட்டார்கள். ஏழிலிருந்து வேகமான வேறு வழிக்கு மாறிவிடும். எல்லோரும் ஒரே தரமாக, எட்டிலிருந்து ஒரு கிளினிக் ஹால் கொள்ளும் கூட்டம் வரை இருந்தால், அந்த வழி கடைசியில் இருப்பவரையும் முதலில் இருப்பவரையும் இடம் மாற்றிப் போட்டுவிடும்.

ஜெபின் மெதுவாகக் கேட்டான். "சுஜி, நம்ம ஆபீஸ்ல எத்தன பேரு?"

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நாங்கள் ஆறு பேர். அதனால் எங்கள் நோயாளிகளும் எப்போதும் ஆறு பேர்தான். ஏழாவதாக ஒருவரை வேலைக்கு எடுத்திருந்தால் இந்தத் தப்பு ரசவடை அன்றே பிடிபட்டிருக்கும்.

திருத்தம் சின்னது. வந்த வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பிடு என்று நாங்களே கோடில் சொல்லிவிட்டோம். லைப்ரரியை நம்பி இருந்த விதியை எங்கள் கையில் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஜெபின் போர்டில் ஏற்றினான். முப்பது பொய்ப் பெயர்கள் போட்டுப் பார்த்தோம். ஒருவரும் அசையவில்லை.

மருந்து அறையை விட்டு வெளியே வரும்போது அவன் என் கையைப் பிடித்தான். "மேனேஜர்ட்ட கம்பைலர் அப்டேட்டுன்னு சொல்லிருவோம். அவருக்கு என்ன மனசிலாவப் போவுது? மெஷின் இப்பம் செரியாச்சு. நம்ம பேரும் கெடாண்டாம்."

அவன் கெட்டவன் இல்லை. பயந்திருந்தான். நானும்தான். யோசித்துப் பாருங்கள், கிளினிக் மேனேஜருக்குக் கம்பைலரும் லைப்ரரியும் ஒன்றுதான். ஏதோ அப்டேட் என்று சொல்லிவிட்டால் அத்தோடு கிளம்பிவிடலாம். ஆனால் ஏதோ என்று சொன்னால் சந்தேகமும் ஏதோ ஒரு மூலையில் மிஞ்சி நிற்கும். இன்று மெஷின் கெட்டது சரி, முந்தாநாள் அவள் அமுக்கவில்லை என்று யார் கண்டது? நசீமாவின் பெயரைக் கழுவ வேண்டுமென்றால் என்ன நடந்தது, எங்கே, எப்போதெல்லாம் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு எழுதி மறந்த வித்தியாசம் அந்த இடத்தில் ஒரு மனுஷிக்குத் தேவைப்பட்டது.

"வேண்டாம் மக்கா" என்றேன். "உள்ளதச் சொல்லுவோம்."

அவன் கையை விட்டுவிட்டான்.

மேனேஜரிடம் சொன்னேன். "சார், தப்பு எங்க பேர்ல. முன்னால வந்தவங்கள முன்னால விடணும்ங்கத நாங்க மெஷினுக்குச் சொல்லவே இல்ல. ஆறு பேரு வர அது தானா ஒழுங்கா நிக்கும். எட்டு பேரு ஆயிட்டா, அவசரம் யாரும் இல்லன்னா, கடைசியா வாரவங்கள எப்பவும் மேல தூக்கிரும். முதல் நாள்ல இருந்தே அப்படித்தான். யாரும் ஒண்ணும் அமுக்கத் தேவையில்ல."

அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அப்பம் அவளுக்க காக்கா மகன்?"

"ஹால் நெறைய ஆளு, அவன் கடைசியா வந்தான்னு நீங்கதானே சொன்னீங்க? கடைசியா வந்ததாலதான் சார் மொதல்ல வந்தான்."

"அத அப்பம்பிடிச்சு நான் தொண்ட கிழியச் சொல்லுதேன்" என்றார் நசீமா, பெஞ்சுப் பக்கத்திலிருந்து. "இங்க ஒரு செவிக்கும் கேக்கல."

மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. தினமும் சண்டை தீர்த்துத் தீர்த்துச் சலித்தவர். மின்விசிறியைத் தேவையில்லாமல் கூட்டினார். டீ சொல்லட்டுமா என்று எங்களைக் கேட்டார். அப்புறம் நசீமாவிடம், "செரி, வந்து கவுண்டர்ல இரி" என்றார்.

நசீமா வரவில்லை.

"என்னைய கள்ளின்னு சொன்னது இந்த ஹால்ல வச்சு, ஆளுகளுக்க முன்னால. இரின்னு சொல்லதும் அப்படியே இருக்கட்டு."

மேனேஜர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பையைத் தடவினார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் யாரையும் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வரிச மாறுனதுக்கு மெஷின்தான் காரணம். இந்தப் பிள்ளைக்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஏசுனது தப்பு."

குடைக்கார அம்மா, "அத மனுஷங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லும்" என்றார்.

மேனேஜர் திரும்பி, நசீமாவைப் பார்த்துச் சொன்னார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

நசீமா பையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குள் வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன். பெயர்களை அவரே மறுபடி அடித்தார். வந்த வரிசை முழுவதும் அவர் நினைவில் இருந்தது. திரை எரிந்ததும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். படகுக்காரர் முதலில் நின்றார்.

"வந்துட்டேன்லா மேல!" என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கினார் அவர். டாக்டர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார்.

கிளம்பும்போது நசீமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஆறு பேரு வச்சு நோக்குன பெறவு, செரின்னு சொல்லப் போனியா, இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். "சொல்லலல்லா. போ" என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

அன்று கருங்கல்லில் சாயா குடித்தோம். மறுநாளிலிருந்து ஜெபின் ஆவணங்களை வாசிக்க ஆரம்பித்தான். இன்னும் நிறுத்தவில்லை.

ஆபீஸிலும் ஒன்று மாறியது. வார்னிங் பூஜ்யமானால் ரசவடை இல்லை. ஒரு ஹால் கூட்டத்துக்கான பெயர்களைப் போட்டு ஓட்டிப் பார்த்து, அதுவும் ஒழுங்காக வந்தால்தான். வந்த புதிதில் நீங்கள் கேட்டீர்களே, டெஸ்ட்டில் எதற்கு இத்தனை பெயர்கள், அதில் முதல் பெயர் யார், நம்ம ஆபீஸில் அப்படி யாரும் இல்லையே என்று. நசீமாவிடம் கேட்டுத்தான் போட்டோம். "கடைசியில என்னைய நோயாளி ஆக்கிட்டியளா?" என்றார். அப்புறம் கேட்டார், "எத்தனையாவது?"

முதலாவது என்று சொன்னோம்.

நாளைக்கு உங்கள் நாலு பேருடைய பெயரையும் அந்த டெஸ்ட்டில் கடைசியில் சேர்த்துவிடுங்கள். என் பெயரை வேண்டுமானால் எடுத்துவிடலாம், நான் போகிறவள். எதை மாற்றினாலும், கம்பைலரோ, லைப்ரரியோ, போர்டோ, ஓட்டிவிட்டுத் திரையின் முதல் வரியைப் பாருங்கள். அங்கே நசீமா நிற்க வேண்டும். அவர்தான் முதலில் வந்தவர்.

சுஜி